ஆளில்லாத ஊருக்கு என்னத்துக்கு பஸ்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புங்குடுதீவுக்காரரிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்தமாட்டார். எத்தனையாம் வட்டாரம் என்பதையும் சேர்த்தே சொல்வார். மொத்தம் பன்னிரண்டு வட்டாரம். கேட்டவரும் அந்தப் பக்கத்து ஆள் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்ப நீர் ஆற்ற மகன்?" காலி வீதியில் மரக்கறி தெரியும்போதும் சரி, கொட்டாஞ்சேனையில் கலியாணப் பந்தியில் இருக்கும்போதும் சரி, அரை நிமிடத்தில் சொந்தம் பிடிபட்டுவிடும். அந்த வட்டாரத்தில் இன்றைக்கு எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று கேட்டால்தான் இரண்டு பேரும் முழிப்பார்கள்.

எங்கள் ஆட்கள் கொழும்புக்கு வந்தது யுத்தத்தால் மட்டும் அல்ல. ஊர் யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவு: நாலு பக்கமும் உப்புக் கடல், நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, மழையை நம்பின பயிர். ஆம்பிளைகள் அந்தக் காலத்திலேயே கடை போடக் கிளம்பிவிட்டார்கள். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, அதையும் தாண்டிச் சிங்கள ஊர்களின் சந்திகள். பலசரக்குக் கடை, தேத்தண்ணிக் கடை, சாப்பாட்டுக் கடை. உழைப்பு வெளியில், குடும்பம் ஊரில், திருவிழாவுக்கு வீடு. அப்படித்தான் தலைமுறைகளாக ஓடியது. காசு வெளியிலிருந்து வந்தாலும் சனம் ஊரில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இருந்தது, கடைக்கு ஆள் இருந்தது, பஸ்ஸுக்கும் ஆள் இருந்தது.

இப்போது இந்தப் பேச்சை எடுப்பதற்குக் காரணம் என் மாமி. ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும் மனுசி. மகன் கனடாவில், மகள் வெள்ளவத்தையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடியில். மாமிக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். மாதம் ஒரு முறை யாழ்ப்பாணத்தில் கிளினிக். அந்த நாளை அவர் நடத்துவதைக் கேட்டால் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் படித்துப் பட்டம் வாங்கத் தேவையில்லை என்று தோன்றும். விடிய முதல் எழும்பி, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வரும் 776 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க வீதிக்கு நடக்க வேண்டும். முதல் பஸ் தவறினால் கிளினிக்கில் நம்பர் பின்னுக்குப் போகும். நம்பர் பின்னுக்குப் போனால் மருந்து எடுக்கிற வரிசையும் பின்னுக்குப் போகும். பிறகு திரும்பி வரும் பஸ் பற்றிய பயம். பிந்தினால் ஓட்டோ. யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவு தூரத்துக்கு ஓட்டோக்காரர் கேட்கும் காசு, மாமியின் ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவு. "அதுக்கு நான் கிளினிக்குக்குப் போகாமலே இருக்கலாம்" என்பார். சில மாதங்களில் அப்படியே இருந்தும் விடுவார்.

பஸ்ஸைக் கூட்டிவிடச் சொல்லிக் கேட்டால் வரும் பதில் உங்களுக்கும் தெரிந்ததுதான். "ஏறுறதுக்குச் சனம் எங்க?"

சரி, சனம் எங்கே போனது என்று முதலில் பார்ப்போம்.

1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை, பிறகு தனி மாவட்டமான கிளிநொச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 7 லட்சத்து 38 ஆயிரம். 1991 இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு யுத்தத்தால் நடக்கவே இல்லை. 2001 இல் நடந்தது, ஆனால் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. எங்கள் பக்கம் அதில் இல்லை. அடுத்து நாடு முழுவதும் எண்ணியது 2012 இல். அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தவர்கள் 5 லட்சத்து 83 ஆயிரம் பேர். 31 வருஷத்தில் ஒன்றரை லட்சம் பேர் குறைவு. பிறந்து வளர்ந்து பெருகியிருக்க வேண்டிய கணக்கை விட்டுவிட்டுத்தான் இந்த ஒன்றரை லட்சம். அதே 31 வருஷத்தில் நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்து இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது.

ஆள் குறைந்தால் பஸ் மட்டும் குறைவதில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம் இருந்தது. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. பதிவு செய்த வாக்காளர் தொகையை வைத்துத்தான் ஆசனம் பிரிப்பார்கள். ஆகவே எங்கட பஸ்ஸுக்காகப் பாராளுமன்றத்தில் கத்துவதற்கும் மூன்று பேர் குறைந்துவிட்டார்கள்.

போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாருக்கும் அவரவர் வீட்டுக் கதை இருக்கும். 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றது. அதே வருஷம் ஓகஸ்டில் ஊர்காவற்றுறைப் பக்கம் இராணுவத்தின் கைக்குப் போனது. 1991 ஒக்டோபரில் புங்குடுதீவு. சனம் கையில் அகப்பட்டதோடு குடாநாட்டுக்குள் ஓடியது. பிறகு கிளாலிக் கடலில் இரவு வள்ளம், வவுனியாவில் பாஸ், கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறை. அங்கிருந்து வெளிநாடு போனவர் போக, போக முடியாதவர் வெள்ளவத்தையில் வாடகை வீடு பார்த்தார். ஏ9 வீதி 2002 இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடிக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வர 2014 ஒக்டோபர் ஆனது. இருபத்து நாலு வருஷம் ரயில் இல்லாத ஒரு மாவட்டத்தில் சனம் ஏன் குறைந்தது என்று இப்போது கணக்குப் பார்க்கிறோம்.

இதில் ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடிய, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டவர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, எல்லா இடத்திலும். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. வடக்கே போகிற பஸ்ஸுக்காகச் சனம் காத்துக் கிடந்த காலம் அது. கேளாமலே பஸ் வந்த ஒரே நாள் அதுதான். அரசாங்கம் நினைத்தால் ஒரே இரவில் பஸ் ஒழுங்கு செய்யலாம் என்பதை நாங்கள் அன்றைக்குக் கண்டோம்.

இனித் தீவுப் பக்கம் வருவோம். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் பாலம் கடலுக்குள்ளால் நேராக ஓடுகிறது. அது வர அலைந்து உழைத்த ஊர்க்காரர்களின் பெயராலேயே வழங்கும் பாலம். அதற்கு முதல் வள்ளம்தான். பாலம் வந்ததும் தீவு தீவாக இல்லாமல் போனது. பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், குறிகட்டுவான் இறங்குதுறை என்று ஒரே வீதி. 776 இந்த வீதியால்தான் ஓடுகிறது. வீதியும் இப்போது மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த பஸ் யாருக்காக ஓடுகிறது என்று ஒருநாள் ஏறி இருந்து பாருங்கள்.

நயினாதீவுக்கு. குறிகட்டுவானில் படகு ஏறினால் இருபது நிமிடத்துக்குள் நாகபூஷணி அம்மன். பக்கத்திலேயே நாகவிகாரை, புத்தர் வந்த இடம் என்று தென்பகுதிச் சனம் பஸ் பஸ்ஸாக வரும். ஆனி மாதத் திருவிழாவில் குறிகட்டுவானில் கால் வைக்க இடம் இராது. ஊரில் இருக்கிற சனத்தை வைத்துப் பார்த்தால் நயினாதீவும் சின்ன இடம்தான். ஆனாலும் படகு பகல் முழுக்க ஓடுகிறது, ஏனென்றால் வந்து போகிறவர்கள் ரிக்கற் காசு கொடுக்கிறார்கள். புங்குடுதீவு அந்த வழியில் இருக்கிறது. பஸ் எங்களைக் கடந்து போகிறது என்பதால்தான் எங்களுக்கு பஸ் இருக்கிறது. அம்மன் புண்ணியம் என்று மாமி சொல்வதில் பக்தி பாதி, போக்குவரத்து உண்மை பாதி. பிரதான வீதியிலிருந்து உள்ளுக்குத் தள்ளி இருக்கும் வட்டாரங்களுக்கு அந்தப் புண்ணியமும் எட்டாது. பற்றைக்குள்ளால் நடை, அல்லது சைக்கிள், அல்லது யாராவது மோட்டார் சைக்கிளில் போகிற பொடியனைக் கும்பிட்டு மறிக்க வேண்டும்.

யாத்திரிகரும் காலையில் வந்து பின்னேரத்துக்கு முன்னம் திரும்புகிறவர்கள். ஆகவே பின்னேரத்துக்குப் பிறகு ஓட்டம் இராது. ஒரு ஊரில் குடியிருக்கிறவனுக்கு முக்கியமானது முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும். முதல் பஸ் இருந்தால் ரவுணில் வேலைக்குப் போகலாம். கடைசி பஸ் இருந்தால் பிள்ளை ரியூசன் முடித்து வீடு திரும்பலாம். நடுவில் பத்து ஓட்டம் இருந்து இந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்த ஊரைப் பார்க்கப் போகலாம், இருக்க முடியாது. எங்கள் ஊரில் ஓ.எல். வகுப்புக்குப் பிள்ளை வந்ததும் குடும்பம் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு அறை தேடுவதற்குக் காரணம் இதுதான். ஒரு குடும்பம் போனால் வகுப்பில் இரண்டு பிள்ளை குறையும். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் அடுத்த குடும்பமும் அறை தேடும். பிறகு ஒரு அதிகாரி வந்து பஸ்ஸில் எட்டிப் பார்த்து, ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போவார்.

பாலம் உள்ள எங்களுக்கே இந்தக் கதை என்றால் நெடுந்தீவுக்காரர் நிலைமையை யோசியுங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு நம்பர் போடும்போது நெடுந்தீவில் இருந்துதான் தொடங்கினார்கள்: ஜே/01. கடதாசியில் முதலாவது, போய்ச் சேருவதில் கடைசி. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம். 2012 இல் 4,000 பேர் கூட இல்லை. குறிகட்டுவானிலிருந்து மாவிலித்துறைக்குக் கடலில் ஒரு மணித்தியாலம், அதுவும் கடல் சும்மா இருந்தால். சோளகக் காற்று எழும்பினால் ஒரு மணித்தியாலம் என்பதெல்லாம் பேச்சளவில்தான்.

குமுதினி என்றால் நெடுந்தீவில் படகு என்று மட்டும் கேட்காது. 1985 மே 15 அன்று அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தை குட்டி உட்பட வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கதை தெரிந்தவர்களுக்கு நான் மேலே எழுதத் தேவையில்லை. வெளியில் பலர் அறியாத பகுதி ஒன்று உண்டு: அதே குமுதினி திருத்தப்பட்டு அதே கடலில் மறுபடி சனம் ஏற்றியது. உறவுகள் செத்த பலகையில் இருந்துதான் அந்தச் சனம் கிளினிக்குக்கும் கச்சேரிக்கும் போய் வந்தது. வேறு படகு இல்லை. போக்குவரத்து வசதி இல்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவார்கள் அல்லவா, அதற்குள் இதெல்லாம் இருக்கிறது.

2017 ஜனவரியில் நெடுந்தாரகை வந்தது. உலக வங்கித் திட்டமும் அவுஸ்திரேலிய உதவியும் சேர்ந்து, 15 கோடி ரூபாய் அளவில் கட்டிய நல்ல படகு. விழா எடுத்து நெடுந்தீவுப் பிரதேச சபையிடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி மட்டும். 4,000 பேரிடம் ஆதன வரியும் சந்தை வரியும் எடுத்து வாழும் ஒரு சபை, அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு நாள்தோறும் டீசல் அடிப்பது எப்படி? பழுது பார்ப்பது எப்படி? மாலுமிக்குச் சம்பளம்? படகு வாங்கித் தர உலகத்தில் ஆள் உண்டு. பாலம் கட்டித் தரவும் ஆள் உண்டு. கல்வெட்டில் பெயர் வரும், நாடா வெட்டலாம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறு பேரோடு ஓடும் ஓட்டத்துக்குக் காசு தர யாரும் வருவதில்லை. நான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்ல நினைப்பதே இவ்வளவுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் வருத்தம் கடுமை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் ஏற்ற வேண்டும். முதலில் படகு, பிறகு குறிகட்டுவானில் அம்புலன்ஸ், பிறகு அந்த முப்பது கிலோமீற்றர். இரவில் என்றால் கடற்படையிடம் கேட்க வேண்டும். பிள்ளை பிறக்கும் திகதி கிட்ட வந்ததும் வயிற்றுப் பிள்ளைக்காரியை முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவதை அந்தச் சனம் ஒரு குறையாகக்கூடச் சொல்வதில்லை, வழக்கமாகிவிட்டது.

ஆள் கணக்கு வைத்துப் பாதை போடுவது எங்கள் நாட்டுப் பழக்கம் மட்டும் அல்ல. இந்தியாவில் 2000 டிசம்பரில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியபோது சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்கும் குடியிருப்புகள் என்று வரம்பு வைத்தார்கள். மலைப் பகுதி, பாலைவனம், பழங்குடிப் பகுதிக்கு 250. 2001 கணக்கெடுப்புத்தான் அளவுகோல். 240 பேர் உள்ள மலையூர் என்ன செய்யும்? வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அங்கே கணக்கெடுப்புத் துறை ஊர் ஊராக வெளியிடும் விவரக் கையேடு ஒன்று உண்டு. பஸ் உண்டா என்ற கட்டத்தில், ஊரில் இல்லாவிட்டால் 5 கிலோமீற்றருக்குள்ளா, 5 இலிருந்து 10 க்குள்ளா, 10 க்கு மேலா என்று குறித்திருப்பார்கள். நல்ல வேலை. ஆனால் அந்தக் கட்டத்தில் பஸ் எத்தனை மணிக்கு நிற்கும் என்று இராது. தமிழ்நாட்டில் 1997 இல் மினி பஸ் விட்டார்களே, பெரிய பஸ் போகாத கிராமங்களுக்கு, அது எனக்குப் பிடித்த யோசனை. சின்ன ஊருக்குச் சின்ன பஸ். லாபம் வரும் வழித்தடத்துக்குள் நழுவிவிடாமல் தூர வரம்பும் வைத்தார்கள்.

இங்கேயும் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய, கிராமத்துக்குக் கெமி செரிய, இரவுக்கு நிசி செரிய என்று திட்டங்கள் உண்டு. நட்டத்தில் ஓடும் வழிக்கு அரசு கொஞ்சம் காசு போடும். அதாவது நட்டம் வந்தாலும் ஓடத்தான் வேண்டும் என்பதை அரசாங்கமே கொள்கையில் ஒத்துக்கொண்டாயிற்று. 1958 இல் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கி இலங்கை போக்குவரத்துச் சபையை, அதுதான் சி.ரீ.பி.யை, தொடக்கியதற்கும் இந்த எண்ணம் ஒரு காரணம். அந்தச் சிவப்பு பஸ்ஸை இன்றைக்கும் ஊர்ச்சனம் நம்புவது இதனால்தான். பிரைவேற் பஸ் ஆள் பார்த்து எடுப்பான், சி.ரீ.பி. நேரம் பார்த்து எடுப்பான் என்பது மாமியின் வாக்கு. எல்லா நாளும் சரிவராத வாக்கு.

நான் இதைப் பேசினால் வெள்ளவத்தையில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எங்களுக்கு என்ன தெரியும் பஸ் இல்லாத கஷ்டம்? காலி வீதியில் 100 போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். கொட்டாஞ்சேனை போக 102 உண்டு. கீழே இறங்கினால் கடற்கரையோரம் ரயில். யாழ்ப்பாணம் போக வீட்டு வாசலுக்குக் கிட்ட இரவுச் சொகுசு பஸ். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர், அதை நித்திரையிலேயே கடந்துவிடலாம். மிச்ச முப்பது கிலோமீற்றரும் ஒரு கடலும்தான் விழித்திருந்து கடக்க வேண்டியவை.

வேடிக்கை என்னவென்றால் எங்கள் தீவுகளை யாரும் அறியாமல் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021 இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. திட்டம் நின்றது. பிறகு இந்தியா 1 கோடியே 10 லட்சம் டொலர் மானியமாகவே தருகிறேன் என்று 2022 இல் ஒப்பந்தம் போட்டது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டார்கள், 2024 ஓகஸ்டில் மறுபடி விட்டார்கள். நாலு மணித்தியாலத்தில் இந்தியா. பலாலியும் 2019 இலேயே சர்வதேச விமான நிலையம் ஆகிவிட்டது. எல்லாம் வரட்டும். அனலைதீவுக் கிழவி ஊர்காவற்றுறைக்குப் படகு பிடித்து, அங்கிருந்து பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் கண் காட்டிவிட்டுப் பொழுதுபட முதல் வீடு திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு டில்லியிலும் பீஜிங்கிலும் பதில் இராது.

அவசரத்துக்கு ஏதாவது செய்து சமாளிப்பதும் ஆபத்து. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள். பாலத்துக்கு அடிக்கல் இருந்தது, திட்டம் இருந்தது. பாலம் வரும் வரைக்கும் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள் என்பதை மட்டும் ஒருவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

போன மாதம் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் வெள்ளவத்தையில் நடந்தது. கோயில் திருப்பணிக்குக் காசு சேர்ந்த கணக்கை வாசித்தார்கள். ரொறன்ரோ, பாரிஸ், சுவிஸ், லண்டன் என்று பட்டியல் நீண்டது. நல்ல தொகை. நான் எழும்பி, அதில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி உள் வட்டாரங்களிலிருந்து பிரதான வீதிக்குக் காலையும் மாலையும் ஒரு வான் விட்டால் என்ன என்று கேட்டேன்.

ஒரு பெரியப்பா சிரித்தார். "கோபுரத்துக்குக் குடுத்தா பேர் கல்லில இருக்கும் தம்பி. டீசலுக்குக் குடுத்தா புகையாத்தான் போகும்." சபையும் சிரித்தது. இன்னொருவர், பஸ் ஓட்டிப் பழக்கமுள்ளவர், காரியமாகப் பேசினார்: சனத்திடம் காசு வாங்கினால் வட மாகாண போக்குவரத்து அதிகாரசபையில் வழி அனுமதி வேண்டும், சாரதிக்குச் சம்பளம் வேண்டும், ரயர் வேண்டும், முதல் வருஷம் உற்சாகத்தில் ஓடும், மூன்றாம் வருஷம் யார் பொறுப்பு? இந்த ஆளைத்தான் நான் எதிர்பார்த்துப் போனேன். கொள்கை பேச எல்லாருக்கும் தெரியும், ரயரைப் பற்றிப் பேச ஒருவராவது வேண்டும்.

அப்போது சூமில் இருந்த கனடாக்காரர் ஒருவர் கேட்டார், "எத்தின பேர் ஏறுவினம்? கணக்கு இருக்கா?"

கணக்கு இல்லை. எடுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டேன். திருவிழா நேரத்தில் எண்ணலாம், ஆளும் உதவிக்கு இருக்கும் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த நேரம் எண்ணினால் ஊரில் கார் நிறுத்த இடமில்லை என்றுதான் முடிவு வரும். திருவிழா முடிந்து எல்லாரும் விமானம் ஏறிய பிறகு வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எண்ண வேண்டும். பஸ்ஸில் ஏறினவர்களை மட்டும் எண்ணினால் போதாது. கிளினிக் நாளாக இருந்தும் வீட்டில் இருந்துவிட்டவர்கள், சின்ன வகுப்போடு ஊரில் நின்று பெரிய வகுப்புக்கு யாழ்ப்பாணம் மாறப் போகிற பிள்ளைகள், மீனும் பனங்கட்டியும் விற்கச் சந்தைக்குப் போக நினைத்துப் போகாமல் விட்டவர்கள், இவர்களையும் வீடு வீடாகக் கேட்க வேண்டும். பன்னிரண்டு வட்டாரத்துக்கும் பன்னிரண்டு கொப்பி. மூன்று வட்டாரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஏழாம் வட்டாரத்துக்கு மாமியே போகிறேன் என்கிறார், கால் நோவோடு. ஊரில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் தொடர்பு கொள்ளுங்கள், இன்னும் எட்டுக் கொப்பி மிச்சம் இருக்கிறது.